பிரிட்டனில் ஃபார்மசிஸ்ட் வேலை: ஸ்பான்சர்ஷிப்பை எங்கே, எப்போது தேடுவது

பி.ஃபார்ம் முடித்துவிட்டு பிரிட்டன் போக நினைப்பவர்கள் கூகுளில் முதலில் தேடுவது "விசா ஸ்பான்சர்ஷிப்", அதாவது வேலை தரும் நிறுவனமே விசாவுக்குப் பொறுப்பேற்பது. அந்தத் தேடல்தான் பலரை ஏஜென்ட் கையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சில், சுருக்கமாக ஜிபிஎச்சி, பதிவேட்டில் பெயர் இல்லாமல் ஒருவர் ஃபார்மசிஸ்டாக வேலை பார்க்க முடியாது. அதனால் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்தபடி நேராக ஃபார்மசிஸ்ட் வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் வாங்க வழியே இல்லை. அது கிடைப்பது இரண்டு கட்டங்களில்: ஒன்று, பதிவுக்கு முந்தைய 52 வாரப் பயிற்சி இடம், மற்றொன்று, பதிவு கிடைத்த பிறகான வேலை. முதலாவதைச் சரியாகப் பிடித்தவர்களுக்கு இரண்டாவது எளிதாகிவிடும்.

வரிசை இது: ஆங்கிலத் தேர்வு, பிறகு ஓஸ்பாப் எனப்படும் வெளிநாட்டு மருந்தாளுநர்களுக்கான முதுநிலை டிப்ளமோ, பிறகு ஃபவுண்டேஷன் டிரெய்னிங் எனப்படும் அந்த 52 வாரப் பயிற்சி, பிறகு ஜிபிஎச்சியின் பதிவுத் தேர்வு. ஓஸ்பாப் தொடங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுக்குள் பதிவுவரை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பதிவுத் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். டி.ஃபார்ம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி திறக்காது, பி.ஃபார்ம் அல்லது ஃபார்ம்.டி வேண்டும். இலங்கையில் பட்டம் பெற்று இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான்.

ஆங்கிலமும் இனிஷியலும்

ஐஇஎல்டிஎஸ் அகடமிக்கில் படித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக 7 வேண்டும், அதுவும் ஒரே அமர்வில். மொத்த மதிப்பெண் 7.5 வந்து எழுத்தில் மட்டும் 6.5 என்றாலும் தேறாது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினால் நான்கிலும் பி கிரேடு வேண்டும். ஓஇடியில் எழுத்துத் தாள் என்பது நோயாளியின் குறிப்புகளைப் பார்த்து ஒரு கடிதம் எழுதுவது. ஆஸ்பத்திரி ஃபார்மசியில் இருந்தவர்களுக்கு அது கைவந்த வேலை. ஆனால் நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் ஓஇடியை ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். படிப்புக்கும் விசாவுக்கும் ஒரே சான்று போதும் என்றால் ஐஇஎல்டிஎஸ்ஸில், பிரிட்டன் விசாவுக்கும் செல்லும் "யுகேவிஐ அகடமிக்" என்ற வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது பெயரில். டிகிரி சான்றிதழில் "கார்த்திக் எஸ்", மார்க் ஷீட்டில் "எஸ். கார்த்திக்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செல்வராஜ்" என்று இருந்தால் நமக்கு மூவரும் ஒரே ஆள். பிரிட்டனில் கோப்பைப் பார்ப்பவருக்கு அவர்கள் மூன்று பேர். பாஸ்போர்ட்டில் இருப்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். மாறுபடும் ஒவ்வொரு வடிவத்தையும் எழுத்துப் பிசகாமல் குறிப்பிட்டு, இவை எல்லாம் ஒரே நபரின் பெயர் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், இனிஷியலை விரித்துப் புதுப்பித்துக்கொண்ட பிறகே ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பதியுங்கள். தேர்வு முடிந்தபின் மாற்றினால் அந்தச் சான்றிலும் பெயர் பொருந்தாமல் போகும்.

டிகிரி சான்றிதழ், பாடவாரியான டிரான்ஸ்கிரிப்ட், தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவுச் சான்று, உங்கள் பதிவில் குறை எதுவும் இல்லை என்று கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் கடிதம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்டைத்தான் முதலில் கேட்டு வையுங்கள், கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம் போய்வர வாரக்கணக்கில் ஆகும். குட் ஸ்டாண்டிங் கடிதம் நேர்மாறு. அது சில மாதங்களே செல்லும், ஆகவே கடைசியில் வாங்குங்கள். கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கடிதமே கிடைக்காது.

ஓஸ்பாப்

ஆஸ்டன், பிரைட்டன், சண்டர்லேண்ட் போன்ற சில பல்கலைக்கழகங்களில்தான் ஓஸ்பாப் நடக்கிறது. விண்ணப்ப முறையும் தகுதி விதிகளும் மாறி வந்திருப்பதால், பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல் ஜிபிஎச்சி தளத்தில் வெளிநாட்டில் தகுதி பெற்றவர்களுக்கான பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பல்கலைக்கழகத்திடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் படிப்பு ஜிபிஎச்சியின் 2021 கல்வித் தரங்களின்படி நடக்கிறதா? அந்தத் தரங்களின்படிதான் புதிய மருந்தாளுநர்கள் பதிவாகும்போதே மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமையும் பெறுகிறார்கள். நீங்கள் எந்தத் தரத்தில் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, பிறகு எந்தப் பயிற்சி இடம் உங்களுக்குப் பொருந்தும் என்பதும் மாறும்.

படிப்புக்கு மாணவர் விசா. 2024 ஜனவரி 1 முதல் ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியாது. ஓஸ்பாப் டிப்ளமோவும் அதில் அடங்கும். கணவன், மனைவி, குழந்தையை விட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு வருடம் தனியாக இருக்க வேண்டும் என்பதை வீட்டில் முன்பே பேசி முடிவெடுங்கள். கல்விக் கட்டணத்தோடு 9 மாதம்வரைக்குமான வாழ்க்கைச் செலவுத் தொகையும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் அந்த அளவுக்குக் கீழே இறங்கினாலும் விசா மறுக்கப்படும். கடைசி நேரத்தில் மாமாவிடம் வாங்கிப் போட்ட பணத்தில் பலர் மாட்டுவது இங்கேதான். சுகாதாரக் கட்டணமாக மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்ட வேண்டும். காசநோய்ச் சான்றிதழை பிரிட்டன் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் மட்டுமே எடுக்க வேண்டும், 6 மாதம் செல்லும். படிக்கும்போது கல்வி நாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த நேரத்தை ஏதாவது ஒரு மருந்துக்கடை கவுன்ட்டரில் செலவிடுங்கள். சம்பளம் சுமார்தான், ஆனால் அங்கே காதில் விழும் பேச்சு பயிற்சி ஆண்டில் கைகொடுக்கும்.

ஓரியல்: முழுக் கவனமும் இங்கே

ஃபவுண்டேஷன் டிரெய்னிங் இடங்களுக்கான தேசிய விண்ணப்பத் தளம் ஓரியல். பயிற்சி தொடங்குவது ஜூலை கடைசி, ஆகஸ்டு வாக்கில். விண்ணப்பமோ அதற்கு முந்தைய ஆண்டின் கோடையிலேயே திறந்துவிடும். செப்டம்பரில் ஓஸ்பாப் சேர்ந்து அடுத்த கோடையில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றால், நீங்கள் இன்னும் ஊரில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே ஓரியல் உங்களைக் கடந்து போய்விடும். வகுப்பில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முழுதாக ஒரு வருடம் போய்விடும். நான்கு ஆண்டுக் கெடுவில் அது பெரிய இழப்பு. ஓஸ்பாப் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே ஓரியலில் அந்த ஆண்டுக்கான தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓரியல் வழியாக நடக்கும் தேர்வில் கணக்கும், பணியிடச் சூழலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் சிச்சுவேஷனல் ஜட்ஜ்மென்ட் கேள்விகளும் வரும். இரண்டாவதில் நம்மவர்கள் மதிப்பெண் இழக்க ஒரு காரணம் உண்டு: சந்தேகம் வந்தாலும் டாக்டர் எழுதியதைக் கொடுத்துவிடுவது என்ற பழக்கம். அங்கே எதிர்பார்ப்பது வேறு. நோயாளியின் பாதுகாப்பு முதலில், பிறகு எழுதியவரை நேரில் அழைத்துக் கேட்பது, பிறகு அதைக் குறித்து வைப்பது.

மதிப்பெண் வந்ததும் விருப்ப வரிசை போட வேண்டும். ஒவ்வொரு இடத்தின் விவரத்திலும் அந்த நிறுவனம் ஸ்கில்ட் ஒர்க்கர் எனப்படும் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்யுமா என்று பாருங்கள். செய்யாது என்று இருக்கும் இடத்தை வரிசையில் வைக்கவே வைக்காதீர்கள். அது கிடைத்தாலும் உங்களால் சேர முடியாது, நல்ல மதிப்பெண்ணும் வீணாகும். ஸ்பான்சர் செய்யும் இடங்களை மட்டும் எடுத்து, லண்டன் என்ற ஆசையை ஓரம் வைத்து, நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சேர்த்து, வரிசையை நீளமாகப் போடுங்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சி இடங்களில், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் பேண்ட் 5 என்ற சம்பள நிலை கிடைக்கும். சின்ன மருந்துக்கடைகளில் ஸ்பான்சர் உரிமமே இல்லாத இடங்கள் நிறைய.

இடம் கிடைத்ததும் தேதிகளை ஒட்டிப் பாருங்கள். 12 மாதத்துக்குக் குறைந்த படிப்பு என்றால், படிப்பு முடிந்த பிறகு மாணவர் விசா 2 மாதம்தான் நீளும். 12 மாதமோ அதற்கு மேலோ என்றால் 4 மாதம். அதற்குள் ஸ்பான்சர்ஷிப் சான்று, அதாவது சிஓஎஸ், வந்து புதிய விசாவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். படிப்பு முடிவதற்கு முன் பயிற்சி தொடங்குவதாக சிஓஎஸ்ஸில் தேதி விழுந்தால் சிக்கல். ஆஃபர் வந்த வாரமே மனிதவளப் பிரிவுக்கு உங்கள் படிப்பு முடியும் தேதியையும் விசா முடியும் தேதியையும் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். என்எச்எஸ் வழியாக வரும் ஃபார்மசிஸ்ட் இடங்கள், ஸ்கில்ட் ஒர்க்கரில் மருத்துவத் துறைக்கான பிரிவான ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வரும். அதில் சுகாதாரக் கட்டணம் கிடையாது, குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம்.

பணம் கேட்டால்

சிஓஎஸ் என்பது அலங்கார முத்திரை போட்ட பிடிஎஃப் அல்ல. அது பிரிட்டன் உள்துறையின் கணினியில் பதிவாகும் ஒரு எண், விசா விண்ணப்பத்தில் அந்த எண்ணைத்தான் போடுவீர்கள். "சிஓஎஸ் ரெடி, 12 லட்சம் கொடுங்கள்" என்று வரும் காகிதத்தை அங்கேயே நிறுத்துங்கள். 2024 டிசம்பர் 31 முதல் ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவில் சிஓஎஸ் கட்டணத்தையும் ஸ்பான்சர் உரிமக் கட்டணத்தையும் ஊழியரிடம் வசூலிக்கத் தடை இருக்கிறது. வெளிநாட்டவரை ஸ்பான்சர் செய்வதற்காக அரசுக்குக் கட்டும் இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் அதற்கு முன்பிருந்தே நிறுவனத்தின் பொறுப்பு. உரிமம் பெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலும் பிரிட்டன் அரசுத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. இறக்கிக்கொண்டு பெயரைத் தேடுங்கள், ஊரும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

மருந்துக்கடை அசிஸ்டென்ட், டிஸ்பென்சர் வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் என்று விற்பவர்களை அறவே ஒதுக்குங்கள். 2025 ஜூலை 22 முதல் புதிதாக வருபவர்களுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்குத்தான் ஸ்கில்ட் ஒர்க்கர் விசா. ஃபார்மசிஸ்ட் அதில் வருகிறார், டிஸ்பென்சர் வரமாட்டார். ஆளெடுப்பு ஏஜென்ட் வழியாகப் போவதானால் அவர் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

பயிற்சியும் தேர்வும்

52 வாரத்தில் 13, 26, 39-ஆவது வாரங்களில் மேற்பார்வையாளர் உங்கள் முன்னேற்றத்தை மதிப்பிடுவார். 39-ஆவது வார மதிப்பீடு தேறினால்தான் ஜூன் தேர்வுக்கு உட்கார முடியும். சான்றாகக் காட்ட வேண்டியவற்றை அந்தந்த வாரமே எழுதிப் போடுங்கள், குவித்து வைத்தால் கடைசியில் எதுவும் நினைவில் இருக்காது.

பதிவுத் தேர்வு ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும். முதல் தாள் 40 கணக்குகள், 120 நிமிடம், விடையைத் தேர்ந்தெடுக்க அல்ல, எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டாம் தாள் 120 கேள்விகள், 150 நிமிடம். இரண்டையும் ஒரே அமர்வில் தேற வேண்டும். கணக்குகள் இந்த மாதிரி இருக்கும்: 64 கிலோ நோயாளிக்கு டோபமைன் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 250 மி.லி. பையில் 400 மி.கி. இருக்கிறது. மணிக்கு எத்தனை மி.லி.? 64 × 5 = 320 மைக்ரோகிராம் ஒரு நிமிடத்துக்கு; 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 19,200 மைக்ரோகிராம், அதாவது 19.2 மி.கி. பையில் ஒரு மி.லி.க்கு 1.6 மி.கி. ஆகவே 12 மி.லி. நிமிடத்தை மணியாக்க மறந்தால் 0.2 வரும். இப்படி வரும் விடை ஒரு நோயாளிக்குப் பொருந்துமா என்று ஒரு நொடி யோசிக்கும் பழக்கம்தான் இந்தத் தாளைக் காப்பாற்றும்.

இரண்டாம் தாளில் நம்மைத் தள்ளுவது பிராண்ட் பெயரில் மருந்தை நினைவு வைத்திருக்கும் பழக்கம். அங்கே சீட்டும் கேள்வியும் ஜெனரிக் பெயரில் வரும். பிரிட்டனில் மருந்து, அளவு விவரங்களுக்குப் பார்க்கும் பிஎன்எஃப் புத்தகத்தை ஊரில் இருக்கும்போதே படிக்கத் தொடங்குங்கள். கட்டுப்பாட்டு மருந்துகளின் ஐந்து அட்டவணைகளும், இரண்டாம் மூன்றாம் அட்டவணை மருந்துச் சீட்டு 28 நாள்தான் செல்லும் என்பது போன்ற விதிகளும் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

பதிவுக்குப் பிந்தைய வேலையை முடிவு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். பயிற்சி முடிவதும் ஜூன் தேர்வு முடிவு வருவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில். பயிற்சி விசாவும் அதை ஒட்டித்தான் தீரும். மார்ச், ஏப்ரலிலேயே என்எச்எஸ் ஜாப்ஸ் என்ற வேலைத் தளத்தில் பேண்ட் 6 இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். விளம்பரத்தில் "அத்தியாவசியம்" என்று போட்டிருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும், அதே வரிசையில், ஒரு உதாரணத்தோடு எழுதுங்கள். பயிற்சி கொடுத்த இடத்திலேயே கேட்பது இன்னும் நல்லது, அவர்களுக்கு உங்கள் கை பழகியிருக்கும். ஜூனில் தேறாவிட்டால் நவம்பர் வரை பயிற்சியாளராகவே நீட்டிக்க முடியுமா, அதற்கு ஸ்பான்சர்ஷிப் தொடருமா என்பதை பயிற்சியின் நடுவிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தினால், விசா குறைக்கப்பட்டு வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். ஒரு மருத்துவமனையின் நேர்முகம், முந்தைய இடச் சான்று, சிஓஎஸ் என எல்லாவற்றையும் அந்த 60 நாளுக்குள் முடிப்பது கடினம்.