பட்டறையின் காப்புறுதியும் பத்து மணித் தேநீரும்

கிளிநொச்சியில் ஐந்து பேருடன் தச்சுப்பட்டறை நடத்தும் நான், கூட்டு மருத்துவக் காப்புறுதி எடுத்த முதல் ஆண்டிலேயே ஒரு தொழிலாளியின் இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது; அவருக்கு ஏற்கெனவே இருந்த நீரிழிவு விண்ணப்பத்தில் குறிப்பிடப்படாததே காரணம். முகவர் நிரப்பிய படிவத்தை வாசிக்காமல் கையொப்பமிட்டது என் தவறு.

புதுப்பித்தபோது ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியையும் மேசையில் விரித்து வைத்து, நோய்களையும் மருந்துகளையும் நானே எழுதினேன். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தையும், அதாவது அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கத் தொடங்கும்வரை எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதையும், எழுத்தில் கேட்டுப் பெற்றேன். அத்துடன், சம்பளத்தில் பிடிக்காமல் தொழில்வழங்குநரே செலுத்த வேண்டிய 3 சதவீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியப் பங்களிப்பின் நிலுவையையும் தீர்த்தேன். இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லை பொருத்துவதற்கும் அந்நிதியம் அங்கத்தவருக்கு உதவுகிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

தைப்பொங்கலன்று எடுத்த சீனிக்குறைப்புத் தீர்மானம்தான் கடினமாக இருந்தது. பத்து மணித் தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடும் பழக்கத்தை விட்டுப் பனங்கட்டிக்கு மாறினோம். அதுவும் இனிப்புத்தானே என்று தாதி சிரித்தபின், அவித்த கடலையும் வெறுந்தேநீரும் என்றாயிற்று. அரச வைத்தியசாலையில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கச் சொன்னபோது, சம்பளத்துடன் அரை நாள் விடுப்பு அறிவித்த பிறகே ஐவரும் போனார்கள்.