ஃபில்டர் பெட்டியை மாற்றாமலே என்ஜினுக்குக் குளிர்ந்த காற்று: குறைந்த செலவில் செய்யும் முறை

காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். பானட்டுக்குள் சுற்றும் 60 டிகிரி காற்றுக்குப் பதிலாக வெளியே உள்ள 35 டிகிரி காற்றைக் கொடுத்தால், அதே கொள்ளளவில் சுமார் 8 சதவீதம் கூடுதல் ஆக்ஸிஜன் உள்ளே போகும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதுதான் இதன் பலன் கொஞ்சம் தெரியும். மைலேஜ் கூடும் என்று எண்ணி இறங்க வேண்டாம். டர்போ வண்டிகளில் இன்டர்கூலரே காற்றைக் குளிர்விப்பதால் பலன் இன்னும் குறைவு.

ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு பிவிசி குழாயும் கூம்பு ஃபில்டரும் மாட்டுவது பிரபலமான வழி. சத்தம் கம்பீரமாக இருக்கும், அவ்வளவுதான். திறந்த ஃபில்டர் என்ஜின் சூட்டையே உறிஞ்சும். பிவிசி 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார். அது இருக்கும் குழாயின் விட்டத்துக்கு ஏற்பத்தான் கணக்கு வைத்திருக்கிறது. அகலமான குழாயில் மாட்டினால் காற்று மெதுவாகக் கடக்கும், சென்சார் குறைத்துக் காட்டும், பெட்ரோல் குறைவாகப் பீய்ச்சப்படும். ஆகவே பெட்டி, பேப்பர் ஃபில்டர், சென்சார் மூன்றையும் தொடாமல், காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் மாற்றுவோம்.

முதலில் ஒரு சோதனை

என்ஜின் ஆறிய பிறகு, பெட்டியிலிருந்து நீளும் மூக்குக் குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோ திறந்தால், கம்பெனிக்காரர்களே வேலையை முடித்துவிட்டார்கள். புது ஃபில்டர் போட்டுவிட்டு பானட்டை மூடிவிடலாம். என்ஜின் பக்கமோ ரேடியேட்டருக்குப் பின்னாலோ திறந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

தேவையானவை

கம்பிச் சுருள் வைத்த, சூடு தாங்கும் சிலிகான் அல்லது அலுமினிய டக்ட் ஹோஸ் ஒரு மீட்டர். உள்விட்டம் மூக்குக் குழாயின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பல கார்களுக்கு 75 மில்லிமீட்டர் போதும். இரண்டு ஹோஸ் கிளாம்ப், ஆறேழு கேபிள் டை, 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலை ஒரு துண்டு, அலுமினிய டேப்.

வேலை

1. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மூக்குக் குழாயை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டலாம்.

2. ஹோஸின் வாய்க்கு இடம் தேடுங்கள். ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், கிரில்லுக்குப் பின்னால், பழைய வாய் இருந்த உயரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். குளிர்ந்த காற்று ஆசையில் பம்பருக்கு அடியில் இறக்கிவிட்டால், தேங்கிய தண்ணீரில் ஓட்டும்போது என்ஜின் தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

3. ஃபேன், பெல்ட், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூன்றிலிருந்தும் விலக்கி ஹோஸை ஓட்டுங்கள். எக்ஸாஸ்ட்டிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். திடீர் வளைவு வேண்டாம், மடிந்த இடத்தில் காற்று அடைபடும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின், அதைத் தாங்கும் மவுண்ட்டுகளின் மேல் அசையும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் சில வாரங்களில் உரசிக் கிழியும்.

4. வாயில் வலையைக் கட்டுங்கள். இலை, பெரிய பூச்சி உள்ளே போகாது. ஹோஸ் தொங்கும் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் மழைத் துளிகள் வடிந்துவிடும்.

5. இரு முனையிலும் கிளாம்ப்பை இறுக்குங்கள். பெட்டியின் வாய் பிளாஸ்டிக், நசுங்கும் அளவுக்குத் திருக வேண்டாம். வாய் வட்டமாக இல்லாவிட்டால் இடைவெளியை அலுமினிய டேப்பால் மூடலாம்.

சரிபார்ப்பு

பேட்டரியை மாட்டி, ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸின் வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள். துணி வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும். என்ஜின் திணறினால் இணைப்பு சரி. ஒன்றுமே நடக்காதது போல் ஓடினால் எங்கோ வேறு வழியாகக் காற்று வருகிறது. ஃபில்டருக்கு முன்னால் கசிந்தால் பானட்டுக்குள் உள்ள சூடான காற்றுதான் போகும். பெட்டி மூடி சரியாக உட்காராமல் ஃபில்டரைத் தாண்டிக் கசிந்தால் தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். மூடி கிளிப்புகளை முதலில் பாருங்கள்.

காரின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ரீடர் இருந்தால் வேலைக்கு முன்னும் பின்னும் இன்டேக் வெப்பநிலையை, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையை, குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சாலை, ஒரே வேகம், 10 நிமிட ஓட்டம். சிக்னலில் நிற்கும்போது எடுத்த அளவு ஒப்பிட உதவாது, நின்றால் எந்த இன்டேக்கும் சூடாகும். ஓடும்போதும் வெளி வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடவே காட்டினால், ஹோஸின் வாய் ரேடியேட்டர் சூட்டில்தான் இன்னும் இருக்கிறது. இரண்டு கையளவு பக்கவாட்டில் நகர்த்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.