தமிழைப் பிள்ளையளுக்குக் குடுக்கேக்க நாங்க விடுற பிழையள்

இலங்கையில தமிழருக்கு எதிரா நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு கனடா, லண்டன், பாரிஸ் எண்டு வந்து இறங்கின எங்கட சனத்துக்கு இப்ப பேரப்பிள்ளையள் வளருதுகள். தமிழ் வீட்டை விட்டுப் போறதும் இந்த மூண்டாவது தலைமுறையிலதான்.

பெரிய பிழை, பிள்ளை தமிழ் கதைக்கேக்க சிரிக்கிறது. "அம்மம்மா வந்தான்" எண்டு குழந்தை சொன்னா முழு வீடும் சிரிக்கும், பிறகு திரும்பச் சொல்லு செல்லம் எண்டு வீடியோ எடுத்து வட்ஸ்அப் குரூப்பில போடுவினம், பாசத்திலதான் செய்யினம் ஆனா ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு அது அவமானம், அடுத்த முறை அது இங்கிலீஷிலதான் பதில் சொல்லும். "ஓம், அம்மம்மா வந்தவா, என்ன கொண்டு வந்தவா?" எண்டு சரியாச் சொல்லி கதையைத் தொடர்ந்தாலே போதும், பிள்ளை தானாப் பிடிக்கும்.

அடுத்தது, பரதநாட்டியமும் மிருதங்கமும் பழக்கிட்டா எல்லாம் சரி எண்டு நினைக்கிறது. அரங்கேற்றத்துக்கு ஹோல், உடுப்பு, சாப்பாடு எண்டு அவ்வளவு காசு செலவழிக்கிற வீட்டில ஆடுற பிள்ளைக்கு அந்தப் பாட்டின்ர கருத்துத் தெரியாது. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கோ, 1860இல மெட்ராஸில இருந்து தமிழ்ச் சனம் ட்ரூரோ எண்ட கப்பல்ல டர்பனுக்குக் கரும்புத் தோட்டத்தில வேலை செய்யப் போச்சினம், இண்டைக்கும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கினம், நாயுடு, மூட்லி, பிள்ளை எண்ட குடும்பப் பேரும் இருக்கு, தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில எழுதி வச்சுப் பாடுகினம். பக்தி அப்பிடியே இருக்கு. வீட்டில தமிழ் கதைக்கிற ஆக்கள்தான் மிச்சம் குறைவு. அங்க தமிழில படிக்கப் பள்ளிக்கூடம் இல்லாமப் போச்சு, எங்களுக்கு அப்பிடி இல்லையே. ரொறன்ரோவில ஸ்கூல் போர்ட்டே தமிழ் வகுப்பு நடத்துது.

பிறகு ஊர்க் கதையை மூடி வைக்கிறது. ஏன் வந்தனாங்கள், 1981இல யாழ்ப்பாண நூலகம் எப்பிடி எரிஞ்சது, கொழும்பில ஆர் வீட்டில ஒளிச்சு இருந்தனாங்கள், இதெல்லாம் பிள்ளையளுக்குப் பாரம் எண்டு சொல்லாம விடுகினம். பதினஞ்சு வயசில அதுகள் யூடியூப்பில தேடித் தாங்களாப் பார்க்குங்கள், ஒருத்தரும் பக்கத்தில இருந்து விளங்கப்படுத்த மாட்டினம். எல்லாத்தையும் ஒரே நாளில கொட்ட வேண்டாம், கூழ் காய்ச்சேக்க, பனங்காய்ப் பணியாரம் சுடேக்க கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லலாம், நல்லதும் சேர்த்து, கீரிமலைக் கேணியில குளிச்சது, நல்லூர்த் தேர் பார்க்கப் போனது எண்டு.

இரண்டாவது பிள்ளையை ஒருத்தரும் கவனிக்கிறேல்ல. மூத்தது நல்லாத் தமிழ் கதைக்குது, சின்னதும் கதைக்கும் எண்டு விட்டிடுகினம். மூத்தது ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினதும் இங்கிலீஷை வீட்டுக்குள்ள கொண்டு வந்திடும், பிறகு ரெண்டும் தங்களுக்குள்ள அதிலதான் சண்டையும் பிடிக்குங்கள். அதால சின்னதோட தனிய இருக்க நேரம் ஒதுக்குங்கோ, இல்லாட்டி அம்மம்மா அப்பப்பாவோட விடுங்கோ, விடேக்க ஐபாட்டைக் குடுத்து விடாதேங்கோ.