படக்கதைப் புத்தகத்தை வைத்துப் பிள்ளையை எழுத வைப்பது எப்படி?

"இந்தக் கதையில இருந்து என்ன படிச்சீங்க?" என்று கேட்டவுடன் முக்கால்வாசிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். மிச்சப் பேர் "பொய் சொல்லக் கூடாது" என்று ஏதோ ஒன்றை ஒப்பித்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். எழுத்திலும் இதேதான் நடக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துக்கொண்டு, சின்ன வகுப்பிலேயே 'எனது வீடு', 'பசு' என்று கட்டுரைகளைப் பாடமாக்க வைக்கிறோம். பத்து வரியும் பிழையில்லாமல் வரும். ஆனால் அந்தப் பத்து வரியையும் எந்தப் பிள்ளையும் எழுதியிருக்கலாம்.

இங்கே சொல்லப்போகும் முறையில் நீதி கேட்பதே இல்லை. ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தில் நின்று, படத்தில் இருப்பவருக்கு மனதில் என்ன ஓடுகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து தேடி, அதை ஒரு வரியில் எழுதுகிறோம், அவ்வளவுதான். 4 வயதில் இருந்து 10 வயது வரை செய்து பார்க்கலாம்.

1. புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருக்கட்டும். முகங்களையும் கைகளையும் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே சிரிப்போடு நிற்கும் பாத்திரங்களை வைத்துக் கதைக்க ஒன்றும் இருக்காது. கடைசிப் பக்கத்தில் 'நீதி' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

கொழும்புப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி, வெள்ளவத்தை காலி வீதிப் புத்தகக் கடைகள், செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி, இவையெல்லாம் தேடக்கூடிய இடங்கள். காசு செலவழிக்க வழியில்லை என்றால் இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கலாம். வாசிப்பு நிலை 1, 2 என்று பிரித்திருக்கிறார்கள்; முதல் இரண்டு நிலைகளில் இருந்து தொடங்குங்கள்.

2. முதல் தடவை சும்மா வாசியுங்கள்

கேள்வி வேண்டாம், விளக்கம் வேண்டாம். பக்கத்தைப் பிள்ளையே புரட்டட்டும். கதை பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

3. ஒரு பக்கத்தில் நில்லுங்கள்

முழு முறையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். உதாரணத்துக்கு ஒரு படம்: காலிமுகத்திடலில் அக்காவும் தம்பியும் பட்டம் விடுகிறார்கள். அக்காவின் பட்டம் அறுந்து கடல் பக்கம் போய்விட்டது. தம்பியின் பட்டம் மேலே நிற்கிறது. அவன் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறான். உரையாடல் இப்படிப் போகலாம்:

"மகள், இந்த அக்காவுக்கு இப்ப எப்பிடி இருக்கும்?"

"கவலை."

"எதைப் பார்த்துச் சொல்றீங்க?"

"நூலை இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. பட்டம்தான் போயிட்டுதே."

"ஓம், என்ன? அவ எங்க பார்க்கிறா?"

"தம்பிட பட்டத்தை."

"அப்ப கவலை மட்டும்தானா?"

"தம்பிட பட்டமும் அறுந்தா நல்லம் எண்டு நினைக்கிறா."

"எதைப் பார்த்துச் சொல்றீங்க?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி எங்களுக்குத்தான் கஷ்டம், பிள்ளைக்கு அது யோசிக்கிற நேரம். 1988இல் அமெரிக்காவில் உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படித் திறந்த கேள்விகள் கேட்டு வாசிக்கப் பழக்கினார்கள். மற்றப் பெற்றோர் வழக்கம்போலவே வாசித்தார்கள். ஒரு மாதத்தில் முதல் குழுப் பிள்ளைகள் பேச்சு வெளிப்பாட்டில் முன்னுக்கு நின்றார்கள்.

சரி, பிள்ளை 'தம்பிட பட்டமும் அறுந்தா நல்லம்' என்று சொல்லிவிட்டாள். "சீ, அப்பிடி நினைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த முறை 'கவலை'யோடு நிறுத்திக்கொள்வாள். "இதைத்தான் பொறாமை எண்டு சொல்றது. எனக்கும் வரும்" என்று சொல்லி, அந்தச் சொல்லை அவள் கையில் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் பெரும்பாலும் சந்தோஷம், கவலை, கோபம் என்று மூன்று சொற்கள்தான் இருக்கும். ஏமாற்றம், வெட்கம், தவிப்பு, நிம்மதி எல்லாம் இப்படி ஒவ்வொரு பக்கமாகத்தான் வந்து சேரும்.

பிறகு, "பொறாமை வந்தா அக்கா என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நூலை அறுப்பதும் ஒரு பதில்தான், கேட்டுக்கொள்ளுங்கள். "அறுத்தா அடுத்த பக்கத்தில என்ன படம் வரும்?" என்று தொடருங்கள். தம்பியிடம் ஒரு தடவை விடத் தரச் சொல்லிக் கேட்பது, கொஞ்சம் தள்ளிப்போய் இருப்பது என்று மற்ற வழிகளையும் பிள்ளையே தேடிக்கொள்ளும்.

4. ஒரு வரி எழுதுங்கள்

'அக்கா கவலையாக இருந்தாள்' என்று எழுத விடாதீர்கள். படத்தில் கண்டதை எழுதச் சொல்லுங்கள்: 'கையில் நூல் இருக்கிறது. பட்டம் இல்லை. தம்பி சிரிக்கிறான்.' கவலை என்ற சொல்லே இல்லை, ஆனால் வாசிக்கிறவருக்கு விளங்கிவிடும். எழுத்தாளர்கள் பல வருடம் பழகுகிற ஒன்றை ஏழு வயதுப் பிள்ளை படத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும்.

4, 5 வயதென்றால் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதி, விரலால் தொட்டு வாசித்துக் காட்டுங்கள். 6, 7 வயதுக்குப் பேச்சுக் குமிழி நல்லது: சின்ன ஒட்டுத்தாளில் அக்கா சொல்ல நினைப்பதை எழுதிப் படத்தின் மேல் ஒட்டலாம். 8 வயதுக்கு மேல் என்றால் அதே பக்கத்தைத் தம்பியின் பக்கம் நின்று எழுதச் சொல்லுங்கள். தனக்குப் பிடிக்காத பாத்திரத்துக்காக 'நான்' என்று எழுதும்போது, மற்றவர் மனதை அறிவதற்குத் தனிப் பாடம் தேவைப்படாது.

கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழில் நன்றாகக் கதைப்பார்கள், எழுதத் தயங்குவார்கள். அவர்கள் முதலில் கலந்தே எழுதட்டும். இரண்டாவது தடவை எழுதும்போது தமிழ்ச் சொல்லைத் தேடலாம்.

5. திருத்தம்

ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். இன்று ல, ள, ழ என்றால் அதை மட்டும் பாருங்கள். ர, ற நாளைக்கு. சிவப்புப் பேனையை எடுக்கவே வேண்டாம். திருத்துவதற்கு முன் அந்த வரியைச் சத்தமாக வாசித்து, எது உங்களுக்குப் பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். 'வெரி குட்' என்பதைவிட "நூல் மட்டும் கையில இருக்கிற இடம் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு" என்பது பிள்ளைக்கு உதவும்.

6. சொந்தப் புத்தகம்

இப்படிச் சில வரிகள் சேர்ந்த பிறகு, இரண்டு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடியுங்கள். 8 பக்கம் கிடைக்கும். அட்டைக்கு முன்னும் பின்னும் போக, கதைக்கு 6 பக்கம். கடைகளில் வரும் படக்கதைகள் பலவும் 32 பக்கம்தான் என்பதால் 6 பக்கம் தொடக்கத்துக்குத் தாராளம். பள்ளிக்கூட வானில் நடந்த சண்டை, மழைக்கு வீதியில் நின்ற வெள்ளம், மின்வெட்டு இரவு என்று பிள்ளைக்குத் தெரிந்ததே கதையாகட்டும். முதலில் படம், பிறகு வரி.

இரண்டு எச்சரிக்கைகள்

பிள்ளை இன்று தம்பியை அடித்துவிட்டான் என்பதற்காக இன்றிரவே சண்டைக் கதையை எடுக்காதீர்கள். அது தண்டனை என்று அவனுக்கு உடனே தெரிந்துவிடும், அப்புறம் புத்தகத்தைக் கண்டாலே ஒதுங்குவான். சில நாள் போகட்டும்.

மற்றது இன்னும் முக்கியம். படத்தைப் பற்றிக் கதைக்கும்போது சில பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். அந்த நேரம் பென்சிலை வைத்துவிட்டுக் கேளுங்கள், துருவிக் கேட்காதீர்கள். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள், பயமுறுத்துகிறார்கள் என்ற மாதிரி ஏதும் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

வகுப்பில் செய்யும் டீச்சர்மாருக்கு

35 பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போதாது. ஒரே ஒரு பக்கத்தைப் பெரிதாகப் போட்டோப்பிரதி எடுத்துப் பிறிஸ்டல் போர்டில் ஒட்டிச் சுவரில் வையுங்கள். இரண்டிரண்டு பேராகப் பார்த்துக் கதைத்துவிட்டு, சோடிக்கு ஒரு வரி எழுதிப் படத்தைச் சுற்றி ஒட்டட்டும். கதைக்காத பிள்ளைக்குக் கதைக்கிற பிள்ளையைச் சோடியாகப் போடாதீர்கள். இரண்டு அமைதியான பிள்ளைகளைச் சேர்த்து வைத்தால் இருவரும் எழுதுவார்கள்.