டிராக்கில் இஎஸ்சியை முழுசாக அணைப்பது எப்படி? (ஏபிஎஸ்ஸில் கை வைக்காமல்)

மூடிய பந்தய டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு மட்டுமே இது. பொது ரோட்டில் எதையும் அணைக்காதீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல், கார் வழுக்கும்போது தானாக பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (இஎஸ்சி), பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் மூன்றும் ஒரே ஹைட்ராலிக் பெட்டிக்குள் இருக்கின்றன. அதனால் ஒன்றை அணைத்தால் மூன்றும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நாம் அணைக்கப்போவது முதல் இரண்டை. ஏபிஎஸ் கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும்.

அணைக்கத்தான் வேண்டுமா என்ற சந்தேகம் இருந்தால் பிரேக் பேடுகளைக் கழற்றிப் பாருங்கள். வழக்கமாக முன்பேடுதான் சீக்கிரம் தேயும். டிராக்கில் ஓடிய காரில் முன்பேட் பாதி மிச்சமிருக்க, பின்பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால், நீங்கள் மிதிக்காத பிரேக்கை இஎஸ்சி சுற்றுக்குச் சுற்று பிடித்திருக்கிறது என்று பொருள். பேடும் திரவமும் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 1: காரைத் தயார் செய்வது

மீட்டரில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது. நான்கு டயரும் கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சுற்றளவு விகிதம் மாறினால் சக்கர வேக சென்சார்கள் வழுக்கல் என்று தப்பாகப் புரிந்துகொள்ளும். அலைன்மென்ட் செய்திருந்தால் ஸ்டியரிங் கோண சென்சாரையும் ஸ்கேனரில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் கார் நேராகப் போகும்போதும் நீங்கள் திருப்புவதாகவே இஎஸ்சி நினைக்கும்.

பிரேக் திரவத்தைப் புதிதாக மாற்றுங்கள். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு தரநிலை கேட்பது 155 டிகிரிதான். இரண்டு வருடம் கிடந்த விலையுயர்ந்த திரவத்தைவிட நேற்று ஊற்றிய சாதா டாட் 4 மேல். டாட் 5 சிலிக்கான் வகை, ஏபிஎஸ் உள்ள காருக்கு ஆகாது. பெயரைப் பார்த்து அதையே டாட் 5.1 என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள்.

படி 2: கேமரா, ரேடார் வேலைகளை நிறுத்துவது

தானியங்கி அவசர பிரேக், லேன் உதவி இரண்டையும் மெனுவில் போய் அணையுங்கள். இஎஸ்சி பட்டன் இவற்றைத் தொடும் என்று நம்பி இருக்காதீர்கள். முன்னால் போகும் காரை நெருங்கி வளைவுக்குள் நுழையும்போது உங்கள் கார் தானாக பிரேக் அடித்தால், பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறிவிடுவார்.

படி 3: பட்டன்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காரை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஸ்டியரிங் நேராக வைத்து, இஎஸ்சி ஆஃப் பட்டனை ஒரு தடவை அழுத்தி விட்டால் பல கார்களில் டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும்தான் அணையும். மீட்டரில் ஒரு விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் விரலை எடுத்துவிடுகிறார்கள். இஎஸ்சி அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. விரலை எடுக்காமல் பிடித்தே இருங்கள். இரண்டாவது விளக்கோ செய்தியோ வரும்வரை, வழக்கமாக 3 முதல் 5 விநாடி. ஹூண்டாயில் 3 விநாடிக்கு மேல் பிடித்தால் இரண்டும் அணையும். பிஎம்டபிள்யூவில் சின்ன அழுத்தம் டிடிசி என்ற தளர்ந்த நிலைக்குப் போகும், நீண்ட அழுத்தம் டிஎஸ்சியை (இஎஸ்சிக்கு அவர்கள் வைத்த பெயர்) அணைக்கும். கார்வெட்டில் டிராக் மோடில் பட்டனை இரண்டு தடவை தட்டினால் பிடிஎம் (டிராக்குக்கான டிராக்ஷன், ஸ்டெபிலிட்டி அமைப்பு) வரும். ஈரம் முதல் ரேஸ் வரை அதில் ஐந்து படிகள் உண்டு. உங்கள் கார் எப்படி என்பதற்கு ஓனர் மேனுவல்தான் இறுதி. வீடியோக்களை நம்பாதீர்கள், வருடத்துக்கு வருடம் மாற்றிவிடுகிறார்கள்.

அளவுக்கு மீறியும் பிடிக்காதீர்கள். சில கார்கள் பட்டன் சிக்கிக்கொண்டதாக எண்ணி இஎஸ்சியைத் திரும்ப இயக்கிவிடும். பிறகு இக்னிஷனை அணைத்துப் போடும்வரை பட்டன் வேலை செய்யாது.

நடுவில் ஸ்போர்ட் நிலை இருந்தால் முதல் நாள் முழுக்க அதிலேயே ஓட்டுங்கள். அது எங்கே குறுக்கிடுகிறதோ அங்கேதான் உங்கள் கால் அவசரப்படுகிறது. அந்த இடங்களில் விளக்கு சிமிட்டாமல் ஓட்ட வந்த பிறகு முழுசாக அணைக்கலாம்.

படி 4: அணைந்ததா என்று பார்ப்பது

மீட்டரில் வழுக்கும் கார் படம் இருக்கும். 'OFF' என்ற எழுத்தோடு நிலையாக எரிந்தால் அணைந்திருக்கிறது. ஓடும்போது சிமிட்டினால் வேலை செய்கிறது. முதல் சுற்றில் அகலமான, மெதுவான வளைவில் மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கவனியுங்கள்.

'ஆஃப்' என்று காட்டினாலும் சில கார்களில் கடுமையாக பிரேக் பிடித்து ஏபிஎஸ் வேலைக்கு வரும்போது இஎஸ்சி எட்டிப்பார்க்கும். முதல் தலைமுறை டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்கள் 'பெடல் டான்ஸ்' செய்வது இதற்காகத்தான்: பிரேக் பெடலையும் ஹேண்ட்பிரேக்கையும் குறித்த எண்ணிக்கையில் மாறிமாறி இயக்கும் முறை அது. அதைச் செய்தால் காலியான இடத்தில் 50 கி.மீ. வேகத்தில் ஓங்கி மிதித்து, பெடல் காலுக்கடியில் துடிக்கிறதா (துடித்தால் ஏபிஎஸ் உயிரோடு இருக்கிறது) என்று பார்த்துவிட்டே டிராக்கில் இறங்குங்கள்.

ஃபியூஸைப் பிடுங்காதீர்கள்

சுலபமான வழி என்று சொல்வார்கள். ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்தால் இஎஸ்சியோடு ஈபிடியும் (முன், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடும் அமைப்பு) போகும். பிரேக் பிடிக்கையில் எடை முன்னுக்குப் போய், பின்சக்கரம் இலேசாகிவிடும். அந்த நேரம் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைப்பதுதான் ஈபிடியின் வேலை. பழைய கார்களில் அதற்கென்று தனி வால்வு இருந்தது; இப்போதைய பல கார்களில் அது கிடையாது. ஃபியூஸ் இல்லாமல் நேர்ப்பாதை முடிவில் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டி, கார் சுழலக்கூடும். யூ0121 (ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு இல்லை) என்ற பிழைக்குறியீடு பதியும், சில கார்களில் ஸ்பீடோமீட்டரும் செத்துவிடும். கார் திரும்பும் வேகத்தை அளக்கும் யா சென்சாரின் பிளக்கைக் கழற்றும் குறுக்குவழியும் வேண்டாம்; சில மாடல்களில் ஏபிஎஸ்ஸையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும்.

பின்னர் சேர்த்தது

சுழன்று நின்றபின் இக்னிஷனை அணைத்துப் போட்டால் இஎஸ்சி தானாகத் திரும்ப வந்துவிடும். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 126-ஏ அப்படித்தான் கேட்கிறது. பிட்டிலிருந்து (டிராக் ஓரம் கார் நிறுத்தும் இடம்) கிளம்பும் ஒவ்வொரு தடவையும் விளக்கைப் பாருங்கள்.

அணைத்தபின் வளைவில் உள்பக்கச் சக்கரம் புகைந்தால் பழுது இல்லை. ஓப்பன் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் அதைத் தடையின்றிச் சுழலவிடும் கியர் அமைப்பு) உள்ள காரில் அதுவரை பிரேக்கால் அதை அடக்கியது டிராக்ஷன் கன்ட்ரோல். ஆக்ஸிலரேட்டரைத் தாமதமாகக் கொடுங்கள்.

மேடு பள்ளத்தில் திடீரென மிதித்ததும் பெடல் கல்லாகிக் கார் நிற்க மறுத்தால் அது 'ஐஸ் மோட்': பனிக்கட்டியில் ஓடுவதாக ஏபிஎஸ் தப்பாக எண்ணி பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. பெடலைச் சட்டென விட்டு, மறுபடி படிப்படியாக அழுத்துங்கள். இதற்கும் ஃபியூஸ் மருந்தல்ல.

மழை விழுந்தால் யோசிக்காமல் இஎஸ்சியைப் போட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் இக்னிஷனை அணைத்துப் போட்டு இஎஸ்சி ஆஃப் விளக்கு போய்விட்டதா என்று பாருங்கள். மெனுவில் அணைத்த அவசர பிரேக்கும் லேன் உதவியும் சில கார்களில் தானாகத் திரும்பாது, கையால் போட வேண்டும். சூட்டில் இறக்கிய டயர் காற்றையும் ஆறிய பிறகு பழைய அளவுக்கு ஏற்றுங்கள்.