ஒரு மாதிரியான பூனையோடு ஒரே வீட்டில்: புதியவர்களுக்கான வழிமுறை

மட்டக்களப்பில் பூனையைத் தேடிப்போய் வாங்குபவர்கள் குறைவு. மீன் வெட்டும் இடத்தில் வந்து நின்ற குட்டி, ஒரு கிழமைக்குள் கதிரையில் படுத்திருக்கும். அதன் குணங்கள் பிறகுதான் தெரியவரும். விடிய 4 மணிக்குக் கத்தும், மேசையில் இருப்பதைத் தட்டி விழுத்தும், மடித்துவைத்த உடுப்பின் மேல்தான் படுக்கும். இதையெல்லாம் அடித்து மாற்ற முடியாது. அடித்தால் பூனை உங்களுக்குப் பயப்படும், அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்கிறது என்று பார்த்து, அதைச் செய்வதற்கு ஓர் இடமும் நேரமும் கொடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

படி 1: மிருக வைத்தியர்

விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி கட்டாயம். பூனையிடமிருந்தும் அந்த நோய் தொற்றும். பெட்டைக் குட்டி என்றால் கருத்தடை பற்றியும் அன்றே கேளுங்கள். 4, 5 மாத வயதிலேயே அது சினைப்படலாம், 9 கிழமையில் குட்டி போட்டுவிடும். பூனை கடித்தாலோ ஆழமாகப் பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: மணல் பெட்டி

கல்லடி, நாவலடிப் பக்கம் முற்றமே மணல் என்பதால் பெட்டி எதற்கு என்று தோன்றும். மாரி மழையில் முற்றம் நனைந்து கிடக்கும்போது பூனை வீட்டு மூலையைத் தேடும். அகலமான பிளாஸ்டிக் பேசனில் மூன்று விரல் ஆழத்துக்குக் காய்ந்த மணல் போட்டு, சாப்பாட்டுக் கோப்பைக்குத் தூரமாக, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். கழிவைத் தினமும் அள்ள வேண்டும். பூனைக் கழிவிலிருந்து தொக்சோப்பிளாஸ்மா கிருமி தொற்றலாம்; அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும் என்பதால் அன்றன்றே அள்ளுவது நல்ல பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

படி 3: சாப்பாடு

சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து வைப்பதுதான் நம் வழக்கம். அதில் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். கறி கூட்டுவதற்கு முன்பே பூனையின் பங்கை எடுத்து, உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கிக் கொடுங்கள். மீன் மட்டுமே தினமும் கொடுப்பதும் சரியில்லை. கோழி இறைச்சி, முட்டை, பூனைகளுக்கென்றே விற்கும் உணவு என மாற்றிக் கொடுங்கள். மாட்டுப்பால் பல பூனைகளுக்கு வயிற்றோட்டம் தரும். தண்ணீர் போதும்.

படி 4: குணத்தோடு ஒத்துப்போவது

இதுதான் பெரிய வேலை, பூனையைவிட வீட்டாருக்கு.

விடிய 4 மணிச் சத்தத்தை எடுங்கள். விடியலும் அந்தியும் பூனை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம். யாராவது ஒருவர் எழும்பி ஒரு துண்டு மீன் போட்டுவிட்டால், கத்தினால் மீன் வரும் என்று அது படித்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிப் போடுபவர் அம்மம்மா. அவரைத் தடுக்காமல், எங்கள் பூனை சூட்டிக்கு இராச்சாப்பாடு வைக்கும் பொறுப்பையே அவரிடம் கொடுத்தோம். படுக்கப்போகும் முன் கயிற்றில் கட்டிய கோழி இறகை இழுத்து அதை ஓடவிடுவது தங்கச்சி. அதன் பிறகுதான் சாப்பாடு. ஓடிப் பிடித்து, தின்று, உடம்பை நக்கிவிட்டுத் தூங்குவது பூனையின் இயல்பான ஒழுங்கு. விடியக் கத்தினால் ஒருவரும் எழும்பக்கூடாது. முதல் சில நாட்கள் சத்தம் கூடும். அப்போது மனமிரங்கினால் இன்னும் அதிகமாகக் கத்தப் பழகிவிடும்.

கதிரையைக் கிழிக்கிறதா? ஆடாத மரக்கட்டையில் தும்புக்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அந்தக் கதிரைக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். பூனை முழுதாக நிமிர்ந்து கால் நீட்டும் அளவுக்கு, மூன்றடியாவது உயரம் வேண்டும். மேசைப் பொருளைத் தட்டி விழுத்துவது பெரும்பாலும் உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கத்தான். உடையும் பொருளை எடுத்துவிடுங்கள், சத்தம் போடாதீர்கள். அலுமாரி மேல் ஒரு பழைய துணி விரித்துக் கொடுங்கள். உயரத்தில் அதற்குப் பயம் குறைவு. கோயில் திருவிழா வெடிச் சத்தத்துக்கு அங்கேதான் ஓடும்.

படி 5: பிள்ளைகள்

வால் பட் பட்டென்று அடித்தால் கையை எடுத்துவிட வேண்டும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடக்கூடாது. இந்த இரண்டையும் சின்னப்பிள்ளைகூடப் படித்துக்கொள்ளும்.

படி 6: குணம் திடீரென்று மாறினால்

நெடுநாள் பழக்கத்தைக் குறும்பு என்று விடலாம். புதிதாக வந்த மாற்றத்தை நோயாக எண்ணிப் பாருங்கள். கலகலப்பாக இருந்தது ஒளிந்து கிடந்தால், ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கடுவன் பூனை மணல் பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கி, சிறுநீர் வராமல் திரும்பினால் சிறுநீர் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வலிக்கு பனடோல் கொடுத்துவிட வேண்டாம். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும்.

அவசரத்தில் சாக்கில் கட்டித் தூக்கிப் போக வேண்டாம். காற்றுப் புகும், மூடியுள்ள கூடை ஒன்றை இப்போதே வாங்கி, வீட்டுக்குள் திறந்தபடி வைத்துவிடுங்கள். உள்ளே உங்கள் பழைய சட்டையைப் போட்டால் பூனை தானாகவே போய்ப் படுத்துப் பழகும்.