திரையில் கோடு விழுந்ததும் ஃபார்மேட் போடாதீர்கள்

லேப்டாப் திரை மினுக்குகிறது. கோடு கோடாக விழுகிறது. இல்லையென்றால் கேம் ஓடும்போது நடுவில் கறுத்துப்போய், இரண்டு நொடியில் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வருகிறது. உடனே ஃபார்மேட் போட்டுவிடுவோம். அரை நாள் போகும், எங்கோ சேமித்து வைத்த போட்டோக்களும் போகும். புது விண்டோஸ் ஏறி வந்ததும் அதே கோடு அதே இடத்தில் நிற்கும். கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கை வைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளம்புபவை.

படம் உருவாவது கிராபிக்ஸ் சிப்பில். அங்கிருந்து மெல்லிய கேபிள் ஒன்று, மூடி மடங்கும் கீல் ஓரமாக நுழைந்து, படத்தைத் திரைப் பேனலுக்குக் கொண்டுபோகிறது. இந்த வழியில் எங்கே கெட்டது என்று தெரிந்துகொள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிப் பாருங்கள். (திரையை போன் கேமராவில் பிடித்து அனுப்புவது ஸ்கிரீன்ஷாட் ஆகாது. அப்படி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.) போனிலும் கோடு தெரிந்தால் படம் உருவாகும்போதே கெட்டுவிட்டது: சிப், டிரைவர் (சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), மெமரி, வேறு மென்பொருள் இவற்றில் ஏதோ ஒன்று. போனில் சுத்தமாகத் தெரிந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது பேனல். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது மினுக்கல் கூடிக் குறைந்தால் கீலோரக் கேபிள்மேல் சந்தேகப்படலாம். ஆன் செய்ததும் வரும் கம்பெனி லோகோவிலும், விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலுமே கோடு இருந்தால், விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. அதை மாற்றி என்ன பயன்?

அடுத்து ஹெச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணைத்துப் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் ஏமாற்றிவிடும். பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் தனி கிராபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கும்; லேப்டாப்பின் சொந்தத் திரைக்குப் படம் தருவது பிராசசருக்குள் இருக்கும் சிப். டிவியில் நன்றாக வருகிறது, அதனால் பேனல்தான் போச்சு என்று புதுப் பேனலுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

விண்டோஸைக் குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் கிளப்பும் சேஃப் மோடிலும் இதே குழப்பம். அங்கே விண்டோஸ், மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவரை மட்டும்தான் ஓட்டும். சிப்பின் 3டி பாகத்துக்கு வேலையே இருக்காது. சேஃப் மோடில் கோடு வராவிட்டால் டிரைவர்மேல் சந்தேகம் கூடுகிறது, ஆனால் சிப் நல்லது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உட்கார்ந்திருக்கும்போது கால் வலிக்கவில்லை என்றால் கால் சரியாகிவிட்டது என்றா அர்த்தம்?

டிரைவர் விஷயத்தில், புதியதுதான் நல்லது என்ற நம்பிக்கையை விடுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். சுத்தமாக நீக்கிப் போடுவதானால், நீக்கும்போதே இணையத்தைத் துண்டித்து வையுங்கள்; இல்லையென்றால் நீங்கள் முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தனக்குப் பிடித்த ஒன்றை இறக்கிவிடும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று இருப்பதை முதலில் போட்டுப் பாருங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம்.

கறுத்துத் திரும்பி வரும் கோளாறுக்குத் தனிக் கதை உண்டு. கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் வேலையை முடிக்காவிட்டால், அது தொங்கிவிட்டது என்று விண்டோஸ் முடிவுகட்டி டிரைவரை மறுபடி கிளப்பும். விஸ்டா காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு பதிவாகும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2-ஐ 10 ஆக்கினால் சரியாகிவிடும் என்று வீடியோ போடுகிறார்கள். நெருப்பு மணி தொல்லை தருகிறதென்று மணியின் வயரைப் பிடுங்குவது மாதிரி இது. நீளமான ரெண்டரிங் (3டி படம், வீடியோ உருவாக்கும் வேலை) செய்பவர்களுக்கு அதில் நியாயம் இருக்கலாம். பிரவுசர் திறந்தாலே கறுக்கிறவர்களுக்கு இல்லை.

முழுத் திரையும் மினுக்கினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு ஆப். மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழி இது.

யாரும் சந்தேகப்படாத இடம் ரேம். பிராசசரோடு வரும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். என் தம்பியின் லேப்டாப்பில் கலர் புள்ளிகள் தெளித்தபோது மதர்போர்டு மாற்றச் சொன்னார்கள். இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றியதும் புள்ளி போய்விட்டது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு இரவு ஓடவிடக் காசு ஆகாது.

கடைசியாக, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சிப்பைச் சூடாக்கினால் உயிர் வரும் என்ற வைத்தியம் பரவக் காரணம் இருக்கிறது. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியா, தன் சில லேப்டாப் சிப்களில் சிப்பை மூடிக்கட்டும் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருந்ததாக ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்குள்ளேயே நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. போர்டை ஓவனில் வைத்தவர்களுக்குச் சில நாளோ சில வாரமோ திரை வந்தது, பிறகு மறுபடி போனது. விரிசல் சிப்புக்கு உள்ளே இருந்தால், சிப்பை போர்டோடு இணைக்கும் அடியிலுள்ள சால்டர் உருண்டைகளை மாற்றும் ரீபாலிங்கும் அதைத் தொடாது. அதே போர்டில் டேட்டாவும் இருக்கும் லேப்டாப்பில் இந்தச் சூதாட்டத்துக்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

கடைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரின் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஏதும் ஓடுகிறதா என்று தேடுங்கள். 2011 மேக்புக் ப்ரோக்களின் கிராபிக்ஸ் கோளாறுக்கு ஆப்பிள் அப்படியொரு திட்டத்தை அறிவித்தது 2015 பிப்ரவரியில். அதற்குள் சொந்தக் காசில் போர்டு மாற்றியவர்கள் பில்லைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.